வேர்க்குரு

இந்தக் கொப்பைக் கொஞ்சம் புடிங்க தம்பி. கீழ வெக்கக் கூடாதுங்க, கால் படும். சன்னலோரம் உக்காந்திருக்கறீங்க, வெயில் படாம அந்தாண்டப் பக்கமா வெச்சுக்குங்க. வேப்பிலைதானுங்க. கோயமுத்தூர்ல இல்லாத வேப்பிலையான்னு கேப்பீங்க. இருக்கும். ஆனா இது எங்க கரூர் மாரியம்மன் கோயில்ல பூசாரி கையால வாங்குனது. அதுக்குன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க.

மருமகளைப் பாக்கப் போறேன். ஆஸ்பத்திரில இருக்குது. ஏழு மாசம். காய்ச்சலுங்க. நேத்திருந்து மூச்சு வாங்குதுன்னு பையன் சொன்னான். ஒண்ணும் ஆகாதுங்க. இதை நெத்தியில ஒரு தடவு தடவிட்டு, தலகாணிக்கு அடியில ரெண்டு கொத்து வெச்சுட்டா எறங்கிரும். நர்சு பாக்காம வெக்கோணும். அதுதான் எனக்கு இப்ப இருக்கற ஒரே ரோசனை.

ஆமாங்க, என்ற போனுதான் அடிக்குது. பையன்தான். பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்காது. காங்கேயம் போயிப் பேசிக்கலாம்.

நீங்க எங்க தம்பி வேலை பாக்கறீங்க? கம்பெனிங்களா? ஒடம்பு முடியலைன்னா லீவு குடுக்கறாங்களா? சம்பளத்தோட? குடுப்பாங்க, குடுப்பாங்க. ஆயிரம் பேரு வேலை செய்யற எடத்துல பத்துப் பேரு படுத்தா யாருக்குத் தெரியப் போகுது. பதினஞ்சு பேரை வெச்சு யூனிட் ஓட்டறவன் கிட்ட வந்து அதையே கேட்டா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.

நமக்குக் கொசுவலை தைக்கற தொழிலுங்க. வலைத்துணி வேற எடத்துல இருந்து வரும், நாங்க தைச்சு மடிச்சு பெரிய கம்பெனிக்குக் குடுக்கறது. ஒருத்தரு வெட்டுவாங்க. ஒருத்தரு மேக்கூரை தைப்பாங்க. ஒருத்தரு பக்கம் இணைப்பாங்க. அப்பறம் கீழ சுத்திப் பட்டி தைக்கோணும், அதுதான் கஷ்டம், கை கொஞ்சம் கோணுனா வலை இழுத்துக்கும். பட்டி தைக்கற ஆளு ஒரு நாள் வரலைன்னு வெய்யிங்க, அதுக்குப் பின்னால இருக்கற அத்தனை பேரும் கையைக் கட்டிட்டு உக்காந்திருப்பாங்க. உக்காந்திருக்கறவங்களுக்கும் சம்பளம். வராதவளுக்கும் சம்பளம். எனக்கு ஒடம்பு முடியலைன்னா நான் யாருகிட்டப் போயி சம்பளம் கேக்கறதுங்க?

சட்டத்துல எப்பவோ இருக்குதாமா. இத்தனை வருசம் யாரும் கேக்கலை, நாங்களும் குடுக்கலை, எல்லாரும் நல்லாத்தான் இருந்தோம். இந்த வருசம் அந்தக் கம்பெனிக்காரங்க கண்டிப்பாச் சொல்லிப்போட்டாங்க. சிக் லீவு குடுக்கலைன்னா ஆர்டர் இல்லைன்னு. அங்கிருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு. நல்ல பொண்ணுதான், மோர் குடுத்தோம், குடிச்சுது. அதுகிட்டக் கேட்டேன், அம்மிணி, செலவைப் பூரா என்ற தலையில வெக்கறீங்க, வலைக்கு ஒரு ரூவாயாச்சும் சேத்திக் குடுங்கன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்லுது, "அது பர்ச்சேஸ்ல பேசிக்கங்க சார், எனக்கு சம்பந்தமில்லை"ன்னு. பர்ச்சேஸ்ல கேட்டா, அவன் போன வருசத்து ரேட்டுலயே இன்னும் கொறைக்க முடியுமான்னு கேக்கறான். என்ற கோவம் நியாயமா இல்லியாங்க?

அந்தப் பொண்ணு போறப்ப ஒரு நோட்டீஸை ஒட்டிட்டுப் போச்சு. நோயுற்ற நாட்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு, மருத்துவர் சான்று அவசியம்னு. செவுத்துல காலியா இருந்த எடம் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்துலதான். அங்க ஒட்டிருச்சு. அன்னைக்கே அம்மா மொகம் ஒரு மாதிரி ஆன மாதிரி எனக்குப் பட்டுச்சுங்க. யாருகிட்டயும் சொல்லலை.

அப்பறம் பாக்கோணுமே. திங்கக்கெழமையானா தலைவலி. மழை தூறுனா சளி. பேக்கிங்ல ஒருத்தன் வயித்து வலின்னு டாக்டர் சீட்டோட லீவு போட்டான். அன்னைக்கு மத்தியானம் நான் ஒரு கெடா விருந்துக்குப் போனா, பந்தியில என்ற எதுத்தாப்புல உக்காந்து எலும்பைக் கடிச்சுக்கிட்டிருக்கறான். என்னடா வயித்து வலின்னேன். இப்பத்தானுங்கண்ணா கொஞ்சம் தேவலைங்கறான். அவனுக்கும் நான் சம்பளம் குடுத்தேன். குடுத்தேனுங்க.

ஆனா ரோஜாமணி அப்படியில்லை. அதைச் சொல்லிப்போடறேன். பட்டி தைக்கறவ அவதான். வீட்டுக்காரன் இருந்தும் பிரயோசனமில்லை, ரெண்டு பொட்டப் புள்ளைங்க, வாரக்கூலி போனாத்தான் அடுப்பெரியும். லீவே போட மாட்டா. அவ கைக்கு கரூர்ல வேற ஆளு இல்லைங்க.

வைகாசி மாசம். கோயில்ல திருவிழாவுக்குக் கம்பம் நட்டாச்சு, ஊரே மஞ்சத் துணியும் தீர்த்தக் கொடமுமா போயிட்டு வருது. மழைக்காலத்துக்கு முன்னால போகோணும்னு எனக்கு ஒரு பெரிய ஆர்டர். அந்த நேரம் பாத்து ரோஜாமணி போன் பண்றா. "அண்ணா, சின்னவளுக்கு அம்மா வந்து இப்பத்தான் எறங்குச்சுங்க. இப்ப எனக்கும் முத்துப் போட்டிருக்குது"ன்னா.

நீங்க அம்மைன்னு சொல்லுவீங்க. நாங்க அப்படிப் பட்டுன்னு சொல்றதில்லீங்க. அம்மா வந்திருக்கறான்னுதான் சொல்றது. எனக்கு சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிட்டா, பாருங்க, தாடையில குழி இருக்குதா? ஒருக்கா வந்த ஒடம்புக்கு மறுக்கா வர மாட்டா. அதனால எனக்கு அந்த பயமே இல்லை. முன்னெல்லாம் வேலைக்காரங்க வீட்டுல அம்மா வந்தா நானே எளநீ வாங்கிக் குடுத்துவிடுவேன். தலைக்குத் தண்ணி ஊத்தறவரைக்கும் வீட்டுல இரு, அம்மாவை மனசு குளுர வெச்சு அனுப்புன்னு சொல்லுவேன். சம்பளம் கேக்க மாட்டாங்க, நானும் குடுக்க மாட்டேன். அதுல ஒரு மரியாதை இருந்துச்சுங்க.

ஆனா இவ கேட்டுப்போட்டா. இழுத்து இழுத்துச் சொல்றா, "நோட்டீஸ்ல போட்டிருக்குதுங்களேண்ணா"ன்னு.

எனக்கு அந்த நேரத்துல எங்கிருந்து வந்துச்சோ அந்த ரோசனை. அம்மாதான் குடுத்தான்னு வெச்சுக்கங்க. நான் சொன்னேன், "அம்மிணி, நோட்டீஸ்ல நோய்க்குத்தான் லீவுன்னு போட்டிருக்குது. அம்மா வந்திருக்கறது நோயா? நோயின்னு உன்ற வாயால ஒருக்காச் சொல்லு, இப்பவே சம்பளத்தோட லீவு குடுக்கறேன்."

கம்பம் நட்ட ஊருல இருந்துக்கிட்டு எந்தப் பொம்பளை அந்த வார்த்தையைச் சொல்லுவா? அதுவும் மடியில அம்மா வந்த புள்ளையைப் படுக்க வெச்சுக்கிட்டு? போன்ல அவ மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்பறம் "சரிங்கண்ணா"ன்னு வெச்சுட்டா. டாக்டர் சீட்டுக்கும் வழியில்லை பாருங்க, அம்மா வந்திருக்கறப்ப யாரு டாக்டர்கிட்டப் போவாங்க. ஒரே வார்த்தையில முடிச்சுப்போட்டேன். படிச்சவங்க பத்துப் பேரு உக்காந்து எழுதுன நோட்டீஸு, ஒரே வார்த்தை.

வெள்ளகோயிலுங்களா இது? பரவால்ல, வேகமாத்தான் போறான்.

ரெண்டு நாள் கழிச்சு காலையில யூனிட்டுக்குப் போறேன், பட்டி மெஷின் ஓடற சத்தம் கேக்குது. ரோஜாமணி உக்காந்திருக்கறா. சீலைக்கு மேல முழுக்கை சட்டை, தலையைச் சுத்தி துண்டு, கொண்டையில வேப்பிலை. மூஞ்சி பூரா முத்து. நான் வரச் சொல்லலீங்க தம்பி, அதை நீங்க நல்லாக் கேட்டுக்கோணும். நான் வான்னு ஒரு வார்த்தை சொல்லலை. அவளா வந்தா. வந்தவளைப் போன்னு எப்படிங்க சொல்றது, அம்மா வந்த ஒடம்பை?

மத்த பொம்பளைங்க கொஞ்சம் தள்ளித் தள்ளி உக்காந்தாளுங்க. அம்மா முன்னால மூஞ்சி சுளிக்காதீங்க, ஆகாதுன்னு நான் ஒரு சத்தம் போட்டேன். அப்பறம் அவங்கவங்க மெஷினைப் பாத்துத் திரும்பிக்கிட்டாளுங்க.

அவ வந்ததும் மொதல் வேலையா யூனிட் வாசல்ல வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தா. வீட்டுல அம்மா இருந்தா வாசல்ல கட்டறது வழக்கந்தானுங்களே. அதைப் பாத்தா வெளியாளு உள்ள வர மாட்டான். புள்ளத்தாச்சிக அந்த வழியாவே போக மாட்டாங்க. ஆனா தம்பி, அன்னைக்கு லோடு ஏத்த லாரி வருது. லோடுமேன் வாசல்ல வேப்பிலையைப் பாத்தான்னா ஒரு மூட்டையைத் தொட மாட்டான். ஆர்டர் நின்னு போயிரும். அதனால அதை அவுத்து, தூக்கி எறியலீங்க, எறியவே இல்லை, மரியாதையா உள்ள கொண்டுபோயி மாரியம்மன் படத்துக்கு மேல சொருகி வெச்சேன். வாசல்ல இருந்தா என்ன, படத்துல இருந்தா என்ன, அம்மா ஒருத்திதானுங்களே. ரோஜாமணி மெஷினை நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா.

மறுபடியும் அடிக்கறான். அடிக்கட்டும். பாருங்க, பேர் வருது, நவநீதன்னு. ஒத்தப் பையன். கோயமுத்தூர்லதான் வேலை, வீடு எல்லாம். மருமக பேரு ஷர்மிளா. பெங்களூர்ல பொறந்து வளந்த புள்ளை, ஆனா அப்படி ஒரு கொணம். என்ற வீட்டுக்காரி தவறிப் போயி நாலு வருசமாகுது. இந்தப் புள்ளை வந்துதான் அந்த வீட்டுல வெளக்கே எரியுது. பொண்ணு பாத்த அன்னைக்கு என்ற தாடையைப் பாத்துட்டுக் கேட்டுச்சு, இது என்ன மாமா தழும்புன்னு. சொன்னேன். எனக்கு வந்ததே இல்லீங்க மாமா, எங்க வீட்டுல யாருக்குமே வந்ததில்லைன்னுச்சு. அதுக்கென்ன கண்ணு, அம்மா வரோணும்னு நெனைச்சா வருவா, அது பாக்கியம்னு நான் சொன்னேன்.

கம்பத் திருவிழாவுக்கு பையனும் மருமகளும் வந்தாங்க. அவன் ஒரு நாள் இருந்துட்டு லீவில்லைன்னு போயிட்டான். புள்ளை மட்டும் நாலஞ்சு நாள் தங்குச்சு. மத்தியானத்துக்கு எனக்குச் சோறு செஞ்சு, தூக்குல போட்டு, யூனிட்டுக்கு அதுவே எடுத்துட்டு வரும். வேண்டாம் கண்ணு, வெயில்ல நடக்காதேன்னு சொன்னா கேக்காது. டாக்டரே நடக்கச் சொல்லியிருக்காரு மாமான்னு சொல்லும்.

அப்படி வந்தன்னைக்கு, குனிஞ்சு தைச்சுக்கிட்டிருந்த ரோஜாமணி பக்கத்துல, பின்னால இருந்து போயி உக்காந்துக்கிச்சு. ரோஜாமணிக்கு அதுமேல உசுரு. மிஞ்சுன வலைத்துணியில, பொறக்கப் போற கொழந்தைக்குன்னு, தொட்டில் மேல போடற மாதிரி ஒரு சின்ன வலை தைச்சு வெச்சிருந்தா. போன மாசமே ஆரம்பிச்சது, ஓரத்துல பூ எல்லாம் வெச்சு. புள்ளை அதை எடுத்து, மொகத்துக்கு மேல போட்டுக்கிட்டு, மாமா எப்படி இருக்குதுன்னு சிரிக்குது. ரோஜாமணி எந்திரிச்சு செவுத்தோட ஒட்டி நின்னுக்கிட்டா. "தள்ளிப் போயிருங்க கண்ணு, தள்ளிப் போயிருங்க"ன்னா. அப்பத்தான் புள்ளை அவ மூஞ்சியைப் பாத்துச்சு. "அக்கா, என்னக்கா இது?"

ரோஜாமணி என்ற மூஞ்சியைப் பாத்தா.

தம்பி, அன்னைக்கு அத்தனை மெஷினும் நின்னுச்சுங்க. கரண்டு இருந்துச்சு. ஃபேன் ஓடுது, லைட்டு எரியுது. மெஷின் மட்டும் நின்னுச்சு. எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க.

நான் என்ன சொல்லுவேன்? படிச்ச புள்ளை. அம்மான்னு சொன்னா அதுக்கு இங்கிலீஷுல ஒரு பேரு சொல்லும். பேரு சொன்னா நோயாயிரும். நோயாயிட்டா நோட்டீஸ்படி குடுக்கோணும், ஒருத்திக்குக் குடுத்தா பதினஞ்சு பேருக்கும் குடுக்கோணும். இதெல்லாம் ஒரு நொடியில மனசுல ஓடுச்சுங்க. "வேர்க்குரு கண்ணு, வெயில் என்ன வெயில் அடிக்குது பாத்தியா"ன்னேன்.

ரோஜாமணி துண்டை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டா. அப்பறம் அவளும் சொன்னா, "ஆமாங் கண்ணு, வேர்க்குரு"ன்னு. மெஷினெல்லாம் ஒண்ணொண்ணா ஓட ஆரம்பிச்சுச்சு. புள்ளை அந்த வலையை மடிச்சு, நெஞ்சோட வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போச்சு.

காங்கேயம். எறங்கி டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க?

ஆர்டர் முடிஞ்சுது. நல்லபடியா லோடு ஏத்தியாச்சு. அன்னைக்குச் சாயங்காலம் ரோஜாமணி கூலியை வாங்கிக்கிட்டு, இனிமே வர மாட்டேனுங்கன்னா. ஏனம்மிணின்னேன். வாசல்ல நின்னு அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு சொன்னா, "அம்மாவை நீங்க வாசல்ல வெக்கலீங்கண்ணா. உள்ள கூட்டியாந்து உக்கார வெச்சுட்டீங்க. இனி அவளா எந்திரிச்சுப் போனாத்தான் உண்டு."

எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. எத்தனை யூனிட் இருக்குது எங்க ஊருல, அம்மா என்ற யூனிட்டுல வந்து உக்காந்திருக்கறாங்கறா. அன்னையிலிருந்து தெனமும் ஒரு வெளக்கு வெக்கறேன்.

ரெண்டு வாரம் ஒண்ணுமில்லை. இந்த வாரந்தான் கொஞ்சம் ஒரு மாதிரி. திங்கக்கெழமை மேக்கூரை தைக்கறவ போன் பண்ணுனா, அம்மா வந்துட்டான்னு. அடுத்த நாள் ரெண்டு பேரு. அப்பறம் பேக்கிங்காரன், அந்த எலும்புக்காரன், அவனுக்கும். அப்பறம் இன்னும் நாலஞ்சு பேரு. இப்ப யூனிட்டுல ரெண்டு மெஷின்தான் ஓடுது. அடுத்த ஆர்டரை வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. பாத்தீங்களா, சிக் லீவுன்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க, எல்லாரும் படுத்துட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்ல, இந்தச் சட்டத்தால சின்ன ஆளு பொழைக்க முடியாதுன்னு. ஆனா ஒண்ணு, அத்தனை பேருக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். நோயின்னு சொல்லுங்க, குடுக்கறேன்னு. ஒருத்தரும் சொல்லலை. ஒத்தப் பைசா சிக் லீவுன்னு குடுக்கலீங்க.

ரோஜாமணிக்கு அன்னைக்கே குடுத்திருந்தா எவ்வளவு ஆயிருக்கும்னு கேக்கறீங்களா? அப்படியெல்லாம் கணக்குப் போடக் கூடாதுங்க தம்பி. இது கொள்கை.

முந்தாநாள் புள்ளைக்குக் காய்ச்சல்னு பையன் சொன்னான். நேத்து மூச்சு. இன்னிக்கு வெடியால சொல்றான், கழுத்துல மூணு நாலு பொட்டுப் பொட்டா இருக்குதுப்பா, டாக்டருக்கு ஒரு சந்தேகம்னு. வேர்க்குருவா இருக்கும் சாமின்னு சொன்னேன். வாயில அதுதான் வந்துச்சு. சொல்லிட்டு நேராக் கோயிலுக்குப் போயி இந்தக் கொப்பை வாங்கிட்டு பஸ் ஏறுனேன். எனக்குத் தெரியுமுங்க. எனக்குத் தெரியாதா? ஆனா ஆஸ்பத்திரில அம்மா பேரைச் சொன்னா என்ன பண்ணுவாங்க, ஊசியைக் கொண்டாந்து குத்துவாங்க. அம்மா இருக்கற ஒடம்புல ஊசி குத்துனா அவ சும்மா இருப்பாளா? வயித்துல இருக்கறது என்ற பேரனோ பேத்தியோ. அதனால சத்தமில்லாம நானே போயி, இதை வெச்சு, மனசுக்குள்ள வேண்டிக்கிட்டு எறக்கி அனுப்பிப்போட்டேன்னா முடிஞ்சுது. புள்ளை அந்தத் தொட்டில் வலையைக் கையில சுத்திக்கிட்டேதான் படுத்திருக்குதாமா. பையன் சொன்னான். மொகத்துல வெச்சுக்கிட்டு.

திரும்பத் திரும்ப அடிக்கறானே. இருங்க, எடுத்துப்போடறேன்.

அலோ. சாமி, வந்துக்கிட்டே இருக்கறேன், பல்லடத்துக்கிட்ட. என்னது? மெதுவாப் பேசு. டாக்டரா? பக்கத்துலயே நிக்கறாரா? ம். ம். கரூர் வந்தப்பவா? யூனிட்டுல யாருக்காச்சும் இருந்துச்சான்னா கேக்கறாரு? அதுவா இருந்தா வேற மருந்தா? இப்பவே போடோணுமா? இல்லைன்னா ரெண்டு உசுருக்குமா ஆபத்து? அழுகாதே சாமி. அழுகாதே. நான் சொல்றதைக் கேளு. நம்ம யூனிட்டுல யாருக்கும் ஒரு நோயும் இல்லை. ஆமா, நல்லாத் தெரியும். நோயின்னு ஒருத்தரும் லீவே போடலையே. டாக்டர்கிட்ட அப்படியே சொல்லு. வெச்சர்றேன்.

நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருக்குதுங்களா தம்பி? நீங்களே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே வந்தீங்க.

ஏன் தம்பி கையை நீட்டறீங்க? கொப்பைக் குடுக்கறீங்களா? அது உங்க மடியிலயே இருக்கட்டும். என்ற போனுங்களா? என்ற போனு உங்களுக்கு எதுக்குங்க? விடுங்க தம்பி, கையை விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க. பாருங்க, மறுபடியும் அவன்தான் கூப்பிடறான். அவனை உங்களுக்கு முன்னப்பின்னத் தெரியுமா? அவன்கிட்ட நீங்க என்னத்தைச் சொல்லப் போறீங்க?